ஆண் சம்பாதித்தே தீர வேண்டுமா?

நேர்கோடு:
பெண் வேலைக்குப் போகலாம், வீட்டில் இருக்கலாம், பாதி நேரம் வேலை பார்க்கலாம். எதைச் செய்தாலும் ஊர் ஏற்றுக்கொள்கிறது. ஆணுக்கு ஒரே பாதைதான். வேலை இல்லாமல் வீட்டில் இருக்கும் ஆணை யாரும் 'குடும்பத்தைக் கவனிக்கிறார்' என்று சொல்வதில்லை, 'தண்டச்சோறு' என்கிறார்கள். பெண்ணியம் பெண்ணின் கட்டை அவிழ்த்தது, சரி. ஆண் முதுகில் இருக்கும் மூட்டையை யார் இறக்கி வைத்தார்கள்? உலக அளவில் ஆண்களின் தற்கொலை விகிதம் பெண்களுடையதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். சுரங்கத்திலும் கட்டுமானத்திலும் ஆழ்கடல் மீன்பிடியிலும் செத்துப்போகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இதைச் சொன்னால் உடனே ஆணாதிக்கவாதி என்று முத்திரை.

மின்மினி:
மூட்டை இருப்பது உண்மை, நேர்கோடு. அதைக் கட்டிவைத்தது பெண்ணியம் இல்லை. ஒரு வழக்கைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஸ்டீபன் வீசன்ஃபெல்ட் என்பவரின் மனைவி 1972இல் பிரசவத்தில் இறந்துபோனார். ஆசிரியை. குடும்பத்தில் அதிகம் சம்பாதித்தவரும் அவர்தான். கைக்குழந்தையை வீட்டிலிருந்து வளர்க்கலாம் என்று அந்த மனிதர் அரசின் உதவித்தொகையைக் கேட்டால், கணவனை இழந்த தாய்க்குத்தான் தருவோம், தகப்பனுக்குக் கிடையாது என்றார்கள். அவருக்காக வாதாடியவர் யார்? பெண்ணுரிமை வழக்குகளால் பெயர்பெற்ற ரூத் பேடர் கின்ஸ்பர்க், பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனவர். 1975இல் ஜெயித்தார். இறந்துபோன அந்த மனைவியும் ஆண்களைப் போலத்தான் இந்த உதவித்தொகைக்கான சமூகப் பாதுகாப்பு வரி கட்டியிருந்தார், ஆனால் அவர் கட்டிய பணத்துக்கு மட்டும் அவர் குடும்பத்துக்குக் குறைந்த பாதுகாப்பு. ஆண் சம்பாதிப்பவன், பெண் வளர்ப்பவள் என்று சட்டமே எழுதிவைத்தால் மாட்டிக்கொள்வது இரண்டு பேரும்.

நேர்கோடு:
அரை நூற்றாண்டுக்கு முந்தைய வழக்கு. சட்டம் மாறிவிட்டது, மனசு மாறவில்லையே. கை நிறைய சம்பாதிக்கும் பெண்கள்கூடத் தங்களைவிடக் குறைவாகச் சம்பாதிப்பவனைக் கட்டிக்கொள்ளத் தயங்குகிறார்கள். அதற்கும் ஆணாதிக்கம்தான் காரணமா?

அந்தி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் வேலையை விட்டுவிட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் அப்பா. நேர்கோடு சொல்லும் ஏளனம் நிஜம். என் மாமியார் விருந்தாளிகளிடம், 'மாப்பிள்ளை வீட்டிலிருந்தே ஏதோ பிசினஸ் பண்றார்' என்கிறார். பள்ளிப் படிவத்தில் முதலில் என் எண்ணைத்தான் எழுதிக் கொடுத்தேன். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் போன் போவது அலுவலகக் கூட்டத்தில் இருக்கும் என் மனைவிக்கு. தடுப்பூசி போடக் கொண்டுபோனால் நர்ஸ் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்துவிட்டு, 'அம்மா வரலையா?' என்று கேட்பார். குழந்தைக்கு டயப்பர் மாற்றும் மேசை இருப்பது பெண்கள் கழிப்பறைக்குள். அப்புறம், ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். வேலையை விட்ட பிறகு என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டவர்கள் ஆண் நண்பர்கள்தான்.

மின்மினி:
நேர்கோட்டின் திருமணக் கேள்விக்கு வருகிறேன். 2023இல் பொருளாதார நோபல் வாங்கிய கிளாடியா கோல்டின் காட்டியது இதுதான்: பணக்கார நாடுகளில் ஆண் பெண் ஊதிய இடைவெளியில் பெரும்பகுதி முதல் குழந்தை பிறந்த பிறகு உருவாவது. ராத்திரி பகல் பாராமல் கூப்பிட்டவுடன் ஓடிவரும் ஆளுக்குத்தான் பெரிய சம்பளம். அப்படி ஒருவர் ஓட வேண்டுமென்றால் இன்னொருவர் வீட்டுப் பக்கம் நின்றாக வேண்டும். யார் நிற்பது என்பது முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. நாளைக்குத் தன் வருமானம் பாதியாகும் என்று தெரிந்த பெண் மாப்பிள்ளையின் சம்பளத்தைப் பார்க்காமல் என்ன செய்வாள்? அதைப் பேராசை என்கிறீர்கள். எனக்கு அது காப்பீடாகத்தான் தெரிகிறது.

நேர்கோடு:
ஆண் நின்றால் போச்சு! வாய்ப்புக் கொடுத்தாலும் அவன் எடுப்பதில்லை என்பதுதானே உண்மை? ஜப்பானில் குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை அப்பாவும் விடுப்பு எடுக்கச் சட்டம் இருக்கிறது. 2019 வரை பத்தில் ஒரு அப்பாகூட எடுக்கவில்லை. ஆணின் இயல்பு அது. வெளியே போய்ச் சாதிக்கத்தான் அவன் விரும்புகிறான். ராணுவத்துக்கும் அவனைத்தான் அனுப்புகிறீர்கள். 2022இல் போர் மூண்டதும் உக்ரைன் 18 முதல் 60 வயது வரையுள்ள ஆண்களை நாட்டைவிட்டு வெளியேற விடவில்லை. அன்று சமத்துவம் எங்கே போனது?

கடைசி பெஞ்ச்:
ராணுவம் வந்தாச்சு. அடுத்து டைட்டானிக் வரும் பாருங்கள்.

நேர்கோடு:
வரட்டுமே. 1912இல் அந்தக் கப்பலில் இருந்த பெண்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் பிழைத்தார்கள். ஆண்களில் ஐந்தில் ஒருவர்.

மின்மினி:
முதலில் பெண்களை ஏற்று என்று உத்தரவிட்ட கேப்டனும் ஆண்தான். அதே வருடம் பிரிட்டனில் நாடாளுமன்றத் தேர்தலில் பெண்ணுக்கு ஓட்டுக் கிடையாது. படகில் இடம் கொடுப்பார்கள், ஓட்டுச்சாவடியில் கொடுக்க மாட்டார்கள். ராணுவ விஷயத்தில் நீங்கள் கேட்பது நியாயம். நார்வே 2015இலிருந்து பெண்களையும் கட்டாய ராணுவ சேவைக்கு எடுக்கிறது. எல்லா நாடும் அப்படிச் செய்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அந்தி:
நார்வே என்றதும் இயல்பு பற்றிய வாதத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது. அங்கேயும் பெற்றோர் விடுப்பைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று மட்டும் இருந்தபோது மிகச் சில அப்பாக்களே எடுத்தார்கள். 1993இல் நான்கு வாரத்தை அப்பாவுக்கென்று ஒதுக்கினார்கள். அவர் எடுக்காவிட்டால் அந்த வாரங்கள் போய்விடும், அம்மாவுக்கு மாற்ற முடியாது. சில வருடங்களிலேயே பெரும்பாலான அப்பாக்கள் எடுக்க ஆரம்பித்தார்கள். ஒரு சட்டத் திருத்தத்தில் மாறிப்போவதை இயல்பு என்று எப்படிச் சொல்வது? யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றால் மேலாளர், 'உன் மனைவி எடுக்க முடியாதா?' என்று கேட்பார். 'எடுக்காவிட்டால் வீணாகிவிடும் சார்' என்று சொல்ல ஒரு காரணம் கையில் இருந்தால் அந்தப் பேச்சே வேறு.

நேர்கோடு:
சரி, எடுக்கிறான் என்றே வைத்துக்கொள்வோம். நான்கு வாரம் கழித்துத் திரும்பி வந்தால் பதவி உயர்வு பக்கத்து இருக்கைக்காரனுக்குப் போயிருக்கும். அந்த இழப்பை எந்தச் சட்டம் ஈடுகட்டும்?

மின்மினி:
அதைத்தான் பெண்கள் எத்தனையோ வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தி:
பக்கத்து இருக்கைக்காரனும் எடுத்தால்? நார்வேயில் அதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். கூட வேலை பார்ப்பவரோ அண்ணன் தம்பியோ எடுத்தால் மற்ற ஆண்களும் எடுக்கிறார்கள். மேலாளர் எடுத்தால் விளைவு இன்னும் அதிகம்.

நேர்கோடு:
என் மேலாளரின் பிள்ளைகள் கல்லூரி முடித்துவிட்டார்கள். அவர் எப்போது எடுத்து, நான் எப்போது எடுப்பது?