கிரீப் என்பதற்கு ‘ஊர்வு’ போதாதா?

குழுவினருக்கு வணக்கம்.

கிரீப் (creep), அதாவது மாறாத பாரத்தில் ஒரு பொருள் நாள்பட மெல்ல மெல்ல வடிவம் மாறுவது, இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று இரண்டு நாளாக ஓடும் இழையை இன்று காலைதான் முழுக்கப் படித்தேன். இளகல், வெப்பநெகிழ்வு, தொய்வு, தவழ்வு, ஊர்வு என்று ஐந்து சொல் வந்திருக்கிறது. நான் தமிழ் படித்தவன் அல்ல. சேலத்தில் சூரமங்கலம் பக்கம் சின்னதாக ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். உலைத் தட்டு, கூடை, சேகோ ஆலைக்குத் தொட்டி என்று வேலை ஓடுகிறது. இந்தக் கிரீப்பால் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவன் என்பதால் எழுதுகிறேன்.

ஹீட் ட்ரீட்மென்ட் செய்யும் ஒருவருக்கு 304 என்ற எவர்சில்வர் வகைக் கம்பியில் உலைத் தட்டு செய்து கொடுத்தேன். உலை ஓடுவது 900 டிகிரியில். தொடர்ந்து சூட்டில் இருந்தால் 304 ஏறக்குறைய 925 டிகிரி வரை செதில் உதிராமல் தாங்கும் என்று அட்டவணையில் இருந்தது. அதை மட்டும் பார்த்தேன், அதுதான் தப்பு. மூன்று மாதத்தில் தட்டின் நடுப்பாகம் இரண்டு விரற்கடை இறங்கித் தூளி மாதிரி ஆகிவிட்டது. “உங்க எவர்சில்வர் உருகிடுச்சுங்க” என்று போன் வந்தது. 304 உருக 1400 டிகிரி வேண்டும். ஏற்றிய பாரமும் அதிகமில்லை, முதல் நாள் ஏற்றியபோது தட்டு அசையவே இல்லை. அதே பாரம், அதே சூடு, நாள்தான் போயிருக்கிறது. ஆறிய பின் சுத்தியலால் தட்டினால் கணீர் என்கிறது.

ஆகவே ‘இளகல்’ எனக்கு உடன்பாடில்லை. இளகினால் பாகு மாதிரி உடனே சரிய வேண்டும். கிரீப்பில் சூடும் பாரமும் மாறாமல் இருக்கும்போதே நாள்பட நாள்பட வடிவம் போகிறது.

> ‘வெப்பநெகிழ்வு’ என்றால் காரணமும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுமே?

வரும், ஆனால் பாதிக் காரணம்தான் வரும். பட்டறைக் கணக்கு இது: கெல்வினில் உருகுநிலையின் பத்தில் நாலு பங்கைத் தாண்டினால் கிரீப்பைக் கவனிக்க வேண்டும். இரும்புக்கு உருகுநிலை 1811 கெல்வின், ஆக சுமார் 450 டிகிரி செல்சியஸில் கவலை தொடங்குகிறது. ஈயம் 600 கெல்வினில் உருகும். சாதாரண அறைச் சூடே 300 கெல்வின், அதில் பாதி. அதனால் ஈயத்துக்கு அடுப்பே வேண்டாம், சும்மா தொங்கவிட்டாலே வருஷக்கணக்கில் நீளும். கான்கிரீட்டிலும் இது உண்டு. ஈயத்தையும் கான்கிரீட்டையும் வைத்துக்கொண்டு ‘வெப்ப’ என்று எப்படித் தொடங்குவது?

‘தொய்வு’ என் தட்டுக்குப் பொருந்தும், மற்றதற்குப் பொருந்தாது. மேட்டூர் அனல் மின் நிலையம் போன்ற இடங்களில் நீராவி 540 டிகிரியை ஒட்டி இருக்கும். அங்கே பாய்லர் குழாய் உள்ளழுத்தத்தால் மெல்ல உப்பும், கடைசியில் நெடுக்கே வாய் பிளக்கும். டர்பைன் இறக்கை (பிளேடு) நீளும். இரண்டும் தொய்யவில்லை. டர்பைன் மூடி போல்ட்டில் நீளம் மாறாமல் இறுக்கம் மட்டும் குறையும். அதற்கு ‘தளர்வு’ என்பதைத் தனியாக எடுத்து வைத்துவிடலாம், இதோடு குழப்ப வேண்டாம்.

இங்கே உலோகத் தேர்வு பற்றி ஒரு வார்த்தை. 304-லேயே 304எல் என்று ஒன்று உண்டு, கரி (கார்பன்) 0.03 சதவீதத்துக்கு மேல் இருக்காது. விலை கூட என்பதால் சூட்டுக்கும் அதுதான் நல்லது என்று பலர் கேட்டு வாங்குகிறார்கள். நேர் தலைகீழ். எல் வகை வெல்டிங் ஓரத்து அரிப்புக்காக வந்தது. சூட்டில் பாரம் தாங்கக் கரி வேண்டும். அதற்குத்தான் 0.04 முதல் 0.10 வரை கரி உள்ள 304எச். சூடு தாங்கும் வார்ப்பு வகையான எச்கே40-க்குக் கரி 0.4 சதவீதம் வரை போகிறது, மணிகளுக்கு (உலோகத்துக்குள் இருக்கும் நுண்படிகங்களுக்கு) இடையே கார்பைடு, அதாவது கரி உலோகத்தோடு சேர்ந்த கூட்டுப்பொருள், நின்று வழுக்கலைத் தடுக்கிறது. சேலம் உருக்காலை 1980-களின் தொடக்கத்திலிருந்து துருப்பிடிக்காத தகடு தரும் ஊர் இது. இங்கேயே ‘எவர்சில்வர்னா எல்லாத்துக்கும் தாங்கும்’ என்கிறார்கள் என்றால் பாருங்கள்!

என் தட்டை 25 குரோமியம், 20 நிக்கல் உள்ள 310-ல் மறுபடி செய்தேன், செலவு என் தலையில். நடுவில் ஒரு தாங்கி கொடுத்தேன். வாரம் ஒருமுறை புரட்டிப் போடச் சொன்னேன். இறங்கியது மறுபக்கம் இறங்கிச் சமமாகும், பழைய ஆட்கள் வழி.

அப்புறம் மிச்சம் தவழ்வும் ஊர்வும். தவழும் குழந்தை நாளைக்கு எழுந்து நடக்கும், நம் குழாய் நடக்காமல் இருப்பதே நல்லது. என் ஓட்டு ஊர்வுக்கு.

> ஊர்ந்தால் இடம் மாற வேண்டுமே. தட்டு இருந்த இடத்தில்தானே இருக்கிறது?

தட்டு இருக்கிறது ஐயா, உள்ளே அணுக்கள் இடம் மாறுகின்றன, மணிகளின் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்கிறோமே, சின்ன விசை, நீண்ட காலம், இரண்டும் அந்த ‘ஊர’வில் இருக்கிறது. மலைச்சரிவில் மண் கண்ணுக்குத் தெரியாமல் இறங்குவதையும் புவியியலில் கிரீப் என்றே சொல்கிறார்கள். ஏற்காடு மலைப்பாதையில் அடி வளைந்த மரத்தைக் காட்டி ‘மண் ஊர்வு’ என்றால் யாருக்கும் விளங்கும்.

ஒரு குறை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். பட்டறைப் பையனிடம் ‘ஊர்வு’ என்றேன். “எங்கண்ணா ஊறுது, லீக்கா?” என்றான். ‘தட்டு ஊர்ந்து இறங்கிருச்சு’ என்றதும் பிடித்துக்கொண்டான். வினையாகச் சொன்னால் குழப்பமில்லை.

கிளைச் சொற்களும் இடறாமல் வருகின்றன: ஊர்வு வீதம், ஊர்வு முறிவு, ஊர்வெதிர் கலப்புலோகம். ‘இந்தக் குழாய்க்கு 1,00,000 மணி நேர ஊர்வு முறிவு வலிமை எவ்வளவு?’ என்று எழுதிப் பார்த்தேன், நாக்கில் நிற்கிறது. (அது பதினோரு வருஷத்துக்கு மேல். பாய்லர் வடிவமைப்பில் இந்த அளவைத்தான் பிடிக்கிறார்கள்.)

ஊர்வு மூன்று கட்டமாக நடக்கும். முதலில் வேகம் குறையும், பிறகு சீராக ஓடும். இந்த இரண்டுக்கு ‘அடங்கும் ஊர்வு’, ‘சீர் ஊர்வு’ என்று வைத்திருக்கிறேன். மூன்றாவதில் உள்ளே நுண்துளைகள் கோத்துக்கொண்டு வேகம் பிடித்து, முறிவில் போய் முடியும். அதற்கு ‘பாய்வு’ என்று நினைத்தேன், அது திரவத்துக்குப் போய்விட்டது. ‘விரை ஊர்வு’ என்றால் முரணாகப் படுகிறதா, சரியாக இருக்கிறதா? இதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.