பில் தகராறுன்னா ஃபியூஸைப் பிடுங்கலாமா?

மன்னார்குடிவாசி: இந்தத் தடவை ரீடிங் மூணு மடங்கு. மீட்டர் மேல சந்தேகம். கட்டாம விட்டா லைனை வெட்டிடுவாங்களா?

குடந்தை வயர்மேன்: உடனே முடியாதுங்க. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 56: எழுத்துல நோட்டீஸ் கொடுத்து முழுசா 15 நாள் கழியணும். நோட்டீஸ்னு தனிக் கடுதாசி வரும்னு காத்திருக்காதீங்க; நம்ம தமிழ்நாட்டுல ரீடிங் எடுத்த 20 நாள்தான் பில் கட்டக் கெடு. கேட்ட தொகை, முந்தின 6 மாசச் சராசரி, எது குறைவோ அதை ஆட்சேபணையோட கட்டிட்டா, தகராறு தீரும்வரை துண்டிக்கக் கூடாது. வாய்ப்பேச்சு செல்லாது. மின்வாரியப் பிரிவு அலுவலகத்துல மனு கொடுத்து, நகல்ல தேதியோட கையெழுத்து வாங்குங்க.

ஐயாறு: முதல்ல மெயினை ஆஃப் பண்ணிப் பாருங்க. மீட்டர்ல இருக்கிற சிவப்பு லைட் அப்பவும் சிமிட்டினா மீட்டர்லயோ, மெயினுக்கு முந்தின வயர்லயோ கோளாறு. நின்னுட்டா வீட்டுக்குள்ள லீக்கேஜ் தேடணும். ஈரம் ஏறின போர் மோட்டார்லேர்ந்து ஆரம்பிங்க.