கியூபாவில் சோலார் பேனல் செய்கிறார்கள், கன்னியாகுமரி மாவட்டத்தில் முடியாதா?

கருங்கல் பட்டறை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கருங்கல் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிரில், மாடிக்கு மேல் ஷீட் கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டம் (டிரஸ்) போடும் வேலைகள்தான் என் பிழைப்பு. வளைகுடாவிலிருந்து திரும்பிய சொந்தக்காரர்கள் நான்கைந்து பேர், கையில் இருப்பதைப் போட்டு ஊரிலேயே ஒரு தொழில் தொடங்கலாம் என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கடை வேண்டாம், கல்யாண மண்டபம் வேண்டாம், எதையாவது செய்து விற்கும் தொழிலாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன்.

என் மனத்தில் கிடப்பது சோலார் பேனல். கியூபாவின் மேற்கு முனையில் பினார் தெல் ரியோ என்று ஒரு மாகாணம் இருக்கிறது. புகையிலைக்குப் பெயர் பெற்ற மண். அங்கே சே குவேராவின் பெயர் சூட்டிய மின்னணு உதிரிபாகத் தொழிற்சாலையில் சோலார் பேனல் செய்கிறார்கள். 1960களில் தொடங்கிய அமெரிக்கப் பொருளாதாரத் தடை இன்றும் நீங்கவில்லை. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது அங்கிருந்து வந்த மலிவு எண்ணெயும் நின்றது. அந்த நெருக்கடிக்குப் பிறகும், மின்கம்பி எட்டாத இடங்களில் இருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராமப் பள்ளிகளில் சோலார் வைத்து விளக்கு எரித்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொங்குகிறது.

நம்மிடம் என்ன குறை? அவர்களைவிட நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், வெயிலுக்குப் பஞ்சமில்லை. தெருவுக்குத் தெரு டிப்ளமோ படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். சிலிக்கான் மணலிலிருந்து எடுப்பது என்றால், மணவாளக்குறிச்சி மணல் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. சிறிய அளவில் ஒரு பேனல் தொழிற்சாலை இங்கே நிற்குமா? விவரம் தெரிந்தவர்கள் மனம் திறந்து சொல்லுங்கள்.

கூரைமேல் (தக்கலை) எழுதியது:

அண்ணாச்சி, நான் வீடுகளுக்குச் சோலார் பொருத்தும் வேலை செய்கிறேன். உங்கள் ஆசை எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் மணல். மணவாளக்குறிச்சி மணலில் இருப்பவை இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட், மோனசைட். டைட்டானியத்துக்கும் அருமண் தனிமங்களுக்கும் உரிய மணல் அது. பேனலுக்கு வேண்டியது தூய குவார்ட்ஸ் கல். அதைக் கரியோடு சேர்த்து மின் உலையில் 1,800 டிகிரிக்கு மேல் காய்ச்சினால் சிலிக்கான் பிரியும். அப்போதும் தூய்மை 98, 99 விழுக்காடுதான், பேனலுக்குள் வெயிலை மின்சாரமாக மாற்றும் செல்லுக்கு அது போதாது. அதை வாயுச் சேர்மமாக மாற்றி, வடித்துச் சுத்தம் செய்து, மறுபடி திடமாகப் படியவைக்க வேண்டும். பிறகு உருளையாக வளர்த்து, வைரத்தூள் பூசிய கம்பியால் மெல்லிய வில்லைகளாக அறுக்க வேண்டும். அந்த வில்லைதான் பல கட்டங்கள் தாண்டிச் செல் ஆகிறது. இந்த ஒவ்வொரு கட்டத்திலும் உலக உற்பத்தித் திறனில் 80 விழுக்காட்டுக்கு மேல் சீனாவிடம் இருப்பதாகப் பன்னாட்டு எரிசக்தி முகமை 2022இல் எழுதியது.

பினார் தெல் ரியோவிலும் சிலிக்கான் காய்ச்சவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் செல்களைப் பேனலாகக் கோர்க்கிறார்கள். கோர்ப்பதும் நுட்பமான வேலைதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். செல்களைச் செம்புப் பட்டையால் வரிசையாகப் பற்றவைத்து, மேலும் கீழும் பிசின் தாள் வைத்து, முன்னால் கண்ணாடியும் பின்னால் காப்புத் தாளும் சேர்த்து, வெற்றிட அழுத்தத்தில் ஏறக்குறைய 150 டிகிரிச் சூட்டில் ஒட்டவைக்கிறார்கள். பிறகு அலுமினியச் சட்டம், பின்பக்கம் இணைப்புப் பெட்டி. முடிந்ததும் மின்சாரம் பாய்ச்சி இருட்டில் படம் எடுத்து, கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இந்த இயந்திரங்களை விலைக்கு வாங்கலாம், நம் பிள்ளைகள் கற்றும் கொள்வார்கள்.

ஆனால் செய்ததை எங்கே விற்பீர்கள்? இன்று வீட்டுக்குச் சோலார் வைக்கிறவர் முதலில் கேட்பது மானியம். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் கிடைக்கிறது. அதற்குப் பேனல் மத்திய அரசின் அங்கீகாரப் பட்டியலில் இருக்க வேண்டும், உள்ளே இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் ஏறுவதற்கே பெரும் பணம் வேண்டும். இன்னொரு பக்கம், திருநெல்வேலிக்கு வடக்கே கங்கைகொண்டானில் டாடாவின் ஆலை 4.3 கிகாவாட் திறனோடு செல்லும் பேனலும் செய்கிறது. அங்கே இறங்கும் விலைக்கு நம் பட்டறைப் பேனலை விற்க முடியாது. கியூபாவில் அரசே செய்து அரசே வாங்கிக்கொண்டது, அதனால் நின்றது. நீங்கள் சந்தையில் நிற்க வேண்டும். உங்கள் சொந்தக்காரர்களின் பணம் பாலைவனத்தில் உழைத்த பணம், அதைப் பேனலில் போடாதீர்கள் என்று கையைப் பிடித்துச் சொல்வேன்.

பேனல் எனக்கு எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கிறது. அதைத் தாங்குகிற ஸ்ட்ரக்சர்தான் நல்லதாகக் கிடைப்பதில்லை. வெளியூரிலிருந்து வருகிறவை சமதள மாடிக்கு அளவெடுத்தவை. நம் ஊரிலோ பாதி வீடுகளில் மாடிக்கு மேல் சாய்வு ஷீட் கூரை, பக்கத்திலேயே தென்னை. நிழலுக்காக ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும், தேங்காய் விழும் வட்டத்தைவிட்டு நகர்த்த வேண்டும், வீட்டுக்கு வீடு அளவு மாறும். கடற்கரை வீடுகளில் உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடுகிறது. முட்டம் பக்கம் ஒரு மாடியில் பேனல் புத்தம் புதிதாக இருக்க, கால் மட்டும் துருவேறி உதிர்ந்து கிடந்ததைப் பார்த்தேன். ஒக்கிப் புயல்போல் இன்னொரு காற்று வந்தால் அந்தப் பேனல் பக்கத்து வீட்டுக்குள் போய் விழும். நீங்கள் டிரஸ் போடுகிறவர். இந்த வேலை உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

குளச்சல் மாலுமி எழுதியது:

கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கியூபாவைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் கரீபியன் தீவான பார்படோஸைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அதன் தலைநகர் பிரிட்ஜ்டவுனில் கரையிறங்கி நடந்தால் வீட்டுக் கூரைகளில் முதலில் கண்ணில் படுவது ஒரு கண்ணாடிப் பெட்டியும் அதன் தலைமாட்டில் ஒரு தொட்டியும். சூரிய வெந்நீர்க் கருவி. அந்தத் தீவு 430 சதுர கிலோமீட்டர், நம் மாவட்டத்தில் கால் பங்குதான். மக்கள் தொகை மூன்று லட்சம்கூட இல்லை. அவ்வளவு சிறிய ஊர் இந்தக் கருவியைத் தானே செய்து, தானே வைத்துக்கொண்டு, பக்கத்துத் தீவுகளுக்கும் விற்றது.

இதில் செல் இல்லை, சிலிக்கான் இல்லை. கண்ணாடிக்குக் கீழே கறுப்புத் தகடு, அதோடு ஒட்டிய செம்புக் குழாய், வெப்பம் போகாமல் பொதிந்த தொட்டி. சூடான நீர் தானாக மேலே ஏறும், குளிர்ந்த நீர் தானாகக் கீழே இறங்கும், பம்பு வேண்டியதில்லை. தகரம் வெட்டவும் செம்பு பற்றவைக்கவும் தெரிந்த கைகள் போதும்.

1970களில் எண்ணெய் விலை ஏறியபோது தொடங்கிய தொழில் அது. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக மூலப்பொருள் இறக்குமதிக்கு வரிவிலக்குத் தந்தார்கள், மின்சார ஹீட்டருக்கு வரி போட்டார்கள். பிறகு, கருவி வாங்கியவர் அதன் விலையை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளவும் வழி செய்தார்கள். பிரதமராக இருந்த டாம் ஆடம்ஸ் தன் வீட்டில் ஒன்றை வைத்து, எரிவாயுச் செலவு குறைந்ததைக் கண்ணால் பார்த்தபிறகு அரசின் ஆதரவு கூடியது என்று சொல்வார்கள். சோலார் டைனமிக்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கிய ஜேம்ஸ் ஹஸ்பண்ட்ஸ் அங்கே எல்லாரும் அறிந்த மனிதர்.

நமக்கு வெந்நீர் அவ்வளவு தேவையில்லை. ஆனால் வெப்பம் தேவை. எங்கள் கடற்கரையில் நெத்திலியை மணலில் பரப்பி உலர்த்தும் பெண்களைப் பாருங்கள். ஐப்பசியில் வானம் கறுத்தால் அள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள். ஒரு மழை நனைத்தால் அந்த மீன் கோழித்தீவன விலைக்குத்தான் போகும். ஒளி புகும் பாலிகார்பனேட் ஷீட் போட்ட உலர்கூடம் ஒன்றை அந்தப் பெண்களின் சங்கத்துக்கு யாராவது செய்து தந்தால் மணலும் ஈயும் ஒட்டாத கருவாடு கிடைக்கும், விலையும் கூடும். குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் உலர்த்துகிறவர்களுக்கும் மழைக்காலத்தில் இதே கவலைதான். பட்டறைக்காரர் தம்பி இதையும் யோசிக்க வேண்டும்.

வடசேரி அக்கா எழுதியது:

மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றேன். கியூபாவைப் போற்றுவதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் அங்கே இன்று நடப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2022 செப்டம்பர் 27 அன்று இயான் புயல் கரையேறியது அதே பினார் தெல் ரியோவில்தான். புகையிலை உலர்த்தும் கொட்டகைகள் சரிந்தன, அன்று இரவு நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. 2024 அக்டோபர் 18 அன்று புயல் எதுவும் வரவில்லை. மத்தான்சாஸில் உள்ள அந்தோனியோ கித்தேராஸ் அனல்மின் நிலையம் நின்றது, அதோடு தீவே இருண்டது. பழைய நிலையங்கள், எண்ணெய்த் தட்டுப்பாடு, உதிரிபாகம் வாங்கப் பணமில்லை. அதனால் இப்போது சீனாவின் உதவியோடு, ஒவ்வொன்றும் சுமார் 21.8 மெகாவாட் கொண்ட 92 சூரியப் பூங்காக்களை 2028க்குள் அமைப்பது என்று திட்டமிட்டிருக்கிறார்கள். உள்ளூர்த் தொழிற்சாலையால் அந்த வேகத்துக்கும் அளவுக்கும் ஈடுகொடுக்க முடியாது, பேனல்கள் கப்பலில் வருகின்றன.

அங்கே பற்றாக்குறை உச்சத்துக்குப் போவது மாலையில், எல்லா வீட்டிலும் அடுப்பும் விளக்கும் சேர்ந்து எரியும் நேரத்தில். 2025இல் அது 1,500 மெகாவாட்டைத் தாண்டிய நாட்கள் உண்டு. அந்த நேரத்தில் வெயில் இருக்காது. சேமிப்பு பேட்டரி இல்லாமல் பூங்காவை மட்டும் பெருக்கினால் பகல் எளிதாகும், இரவு அப்படியே இருக்கும். நம் மாவட்டத்துக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் வெயில் மங்கும் மாதங்களில்தான் முப்பந்தல் காற்றாலைகள் முழு வேகத்தில் சுற்றுகின்றன, இரவிலும் சுற்றுகின்றன. கியூபாவுக்கு அந்தத் துணை இன்னும் பெரிய அளவில் கிடைக்கவில்லை.

இன்னொன்றைப் பலர் தெரிந்துகொள்ளாமலே சோலார் வைக்கிறார்கள். பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் கருவி, அதாவது மின்வாரிய லைனோடு இணைந்த சாதாரண சோலார் இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியர் மீது மின்சாரம் பாயக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது, அதை மாற்றக் கூடாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி வந்தபோது நம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான கம்பங்கள் சாய்ந்தன, பல ஊர்களில் நாள்கணக்கில் இருட்டு. அப்படிப்பட்ட நாளில் பேட்டரி இல்லாத கூரைச் சோலார், வெயில் அடித்தாலும் ஒரு விளக்கைக்கூட எரிக்காது. ஆகவே ஆரம்பச் சுகாதார நிலையம், புயல் பாதுகாப்பு மையம், கடலோரத் தேவாலயப் பங்குகளின் சமுதாயக்கூடம் ஆகியவற்றிலாவது, லைன் நின்றாலும் பேட்டரியால் இயங்கும் ஹைபிரிட் அமைப்பு வேண்டும். கடலுக்குப் போனவர்களைத் தேடி, செல்பேசிக்குச் சார்ஜ் இல்லாமல் கரையில் நின்ற குடும்பங்களை நான் மறக்கவில்லை. பட்டறைக்காரரே, நீங்கள் எது செய்தாலும் அந்தக் கட்டிடங்களை முதல் வாடிக்கையாளராக வைத்துச் செய்யுங்கள்.

கருங்கல் பட்டறை எழுதியது:

அக்காவுக்கும் மாலுமி அண்ணனுக்கும் தக்கலைத் தம்பிக்கும் மிகுந்த நன்றி. நேற்று எல்லாரையும் பட்டறையில் உட்காரவைத்து உங்கள் பதில்களை வாசித்துக் காட்டினேன். பேனலை விட்டுவிடுகிறோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. ஸ்ட்ரக்சரும், மீன் உலர்த்தும் கூடமும் செய்யலாம் என்று பேசியிருக்கிறோம். உலர்கூடத்துக்குக் குளச்சலில் ஒரு பெண்கள் சங்கத்தை மாலுமி அண்ணன் அறிமுகம் செய்துவைத்தால் முதல் கூடத்தைக் கூலி இல்லாமல் செய்து தருகிறேன்.

தம்பி, கடற்கரை வீட்டு ஸ்ட்ரக்சருக்குத் துருவைத் தடுக்கும் துத்தநாக முலாம் எப்படி இருக்க வேண்டும்? முலாம் பூசிய குழாயை வாங்கி வெட்டி வெல்டிங் செய்தால் போதுமா?

கூரைமேல் (தக்கலை) எழுதியது:

போதாது அண்ணாச்சி. வெல்டிங் வைத்த இடத்தில் முலாம் எரிந்துபோகும், துரு அங்கேதான் தொடங்கும், வெள்ளிப் பெயின்ட் அடித்தால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. முதலில் வெட்டுவது, துளையிடுவது, பற்றவைப்பது எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். அதன்பிறகு முழுத் துண்டையும் உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கக் கொடுங்கள். சராசரி 80 மைக்ரான் கனம் கேளுங்கள், அளக்கும் மீட்டரை நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குழாயின் இரு முனையையும் அடைத்துப் பற்றவைத்திருந்தால் காற்றுத் துளை விடாமல் அனுப்பாதீர்கள், தொட்டியில் வெடிக்கும், ஆளுக்கு ஆபத்து. மாடிக்குக் கொண்டுபோனபிறகு புதிதாகத் துளை போடும் பழக்கம் கூடவே கூடாது, அதனால் அளவைக் கூரையில் நின்று எடுங்கள். போல்ட், நட்டு துருப்பிடிக்காத எஃகில் 316 தரம், கடலைவிட்டுத் தள்ளி இருக்கும் வீடுகளுக்கு 304 போதும். பேனலின் அலுமினியச் சட்டம் இரும்பைத் தொடும் இடத்தில் ரப்பர் வில்லை வையுங்கள்.

முட்டம் வீட்டுக்காரர் பழைய கால்களை மாற்றச் சம்மதித்திருக்கிறார். சனிக்கிழமை காலையில் டேப்போடு வாருங்கள், அளவெடுத்துவிடுவோம்.