புதுப்பிப்பு: வியட்நாமில் பழைய ஹோண்டா வேவ் 110 மோட்டார் சைக்கிளில் ஹனோய் முதல் ஹோ சி மின் நகரம் வரை

முந்தைய பதிவில் ஆயிலை 2,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்று எழுதியிருந்தேன். அதைத் திருத்துகிறேன். சுமையோடு மலையேறும் வண்டிக்கு 1,000 கி.மீ.தான் பாதுகாப்பு. மாற்றும்போது சுமார் 0.8 லிட்டர்தான் பிடிக்கும். காற்றில் குளிரும் இன்ஜினில் இவ்வளவு கொஞ்சம் ஆயில் சீக்கிரம் கெட்டுவிடும். டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் குச்சி) தினமும் பாருங்கள்.

செயின் ஆட்டம் (மேலும் கீழும் அசையும் அளவு) 25 முதல் 35 மி.மீ. வரை இருக்கட்டும். மூட்டை கட்டிய பிறகும் ஒருமுறை பாருங்கள்: பின்பக்கம் அமிழும்போது செயின் இன்னும் இறுகும், பேரிங் தேயும். பழைய வண்டிகளில் பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

மத்திய வியட்நாமில் கே சான் முதல் ஃபோங் ஞா வரை ஹோ சி மின் நெடுஞ்சாலையின் மேற்குக் கிளை 200 கி.மீ.க்கு மேல், பெட்ரோல் பங்குகள் அரிது. டேங்க் கொள்ளளவு நான்கு லிட்டர்கூட இல்லை. கூடுதலாக இரண்டு லிட்டர் கட்டிக்கொள்ளுங்கள்.

வியட்நாமில் எந்த ஓட்டுநர் உரிமம் செல்லும் என்று கேட்டிருந்தீர்கள். 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி தரப்படும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி அங்கே செல்லாது. 1968 வியன்னா ஒப்பந்தப்படி உள்ளதுதான் செல்லும். செல்லாத உரிமத்தோடு விபத்து நேர்ந்தால் பயணக் காப்பீடும் பெரும்பாலும் கைவிட்டுவிடும். இதைத் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள்.

வாங்கும்போது பதிவு அட்டையிலுள்ள இன்ஜின், சேஸிஸ் எண்களை வண்டியோடு ஒப்பிட்ட பிறகே பணம் கொடுங்கள்.