நாட்ச் ஜீன் கேன்சரை உண்டாக்குதா தடுக்குதா? ரெண்டுமேன்னா எப்படி?

நெல்லை_பயோடெக்:
எல்லாருக்கும் வணக்கம். எம்எஸ்சி ரெண்டாம் வருஷம் படிக்கிறேன், அடுத்த வாரம் செமினார், தலைப்பு நாட்ச் சிக்னலிங், அதாவது நாட்ச்ங்கிற ரிசெப்டர் (செல் மேல இருந்து சேதி வாங்குற புரோட்டீன்) வழியா பக்கத்துப் பக்கத்து செல்கள் பேசிக்கிற முறை. பக்கத்து செல்லோட லிகாண்ட் (சேதி சொல்ற புரோட்டீன்) வந்து ஒட்டும், ரிசெப்டர்ல ரெண்டு வெட்டு விழும், உள்பக்கத் துண்டு கழண்டு நியூக்ளியஸுக்குப் போயி ஜீனை ஆன் பண்ணும், அதுவரைக்கும் புரிஞ்சிடுச்சு. ஆனா டி-செல் லூகீமியால (டி-செல்ங்கிற வெள்ளணுல வர்ற ரத்தப்புற்றுநோய்) நாட்ச்1 ஓவரா வேலை செய்றதாலதான் நோயே வருதுன்னு ஒரு பேப்பர், வாய்ப்புற்றுநோய்ல அதே நாட்ச்1 கெட்டுப்போறதாலன்னு இன்னொரு பேப்பர். மேடம்கிட்ட கேட்டா "காண்டெக்ஸ்ட் டிபெண்டென்ட்" (சூழலைப் பொறுத்தது)னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டாங்க. ஸ்லைடுல அதை எழுதிடலாம், யாராவது எழுந்து அப்படின்னா என்னன்னு கேட்டா என்ன சொல்றது? யாராவது புரியுற மாதிரி சொல்லுங்களேன்.

ஈ_லேப்:
தம்பி கேன்சரை கொஞ்சம் ஓரமா வைங்க, பழ ஈல இருந்து வாங்க. இந்தப் பேரே அங்கதான் வந்துச்சு. 1914ல ஜான் டெக்ஸ்டர் றெக்கை ஓரத்துல வெட்டு விழுந்த மாதிரி இருந்த ஈக்களைப் பார்த்தாரு, அப்புறம் ஈ ஜெனடிக்ஸ் ஆராய்ச்சியாளர் மார்கன் அதை விவரமா எழுதினாரு. றெக்கை மட்டும்தான் விஷயம்னு நெனச்சா தப்பு. இந்த ஜீன் சுத்தமா இல்லாத கருவை பால்சன்னு ஒருத்தர் பார்த்தாரு, தோலாக வேண்டிய செல்லெல்லாம் நரம்பாப் போயிருந்துச்சு, கரு செத்துடும். ஏன்னா சாதாரணமா ஒரு கூட்டத்துல எல்லா செல்லும் நரம்பாகப் பார்க்கும், அதுல கொஞ்சம் முந்துற செல் டெல்டாங்கிற லிகாண்டை அதிகமா வெளிய காட்டும், அது பக்கத்து செல்லோட நாட்ச்ல ஒட்டினதும் அந்த செல் நரம்பாகிற வேலையை விட்டுட்டு தன்னோட டெல்டாவையும் கொறச்சுக்கும். அப்ப நாட்ச் சொல்ற சேதி "பெருகு"வும் இல்ல "பெருகாதே"வும் இல்ல. இந்த நேரத்துல நீ எந்தப் பக்கம் போகணும்ங்கிறதுதான். கேக்குற செல் யாரு, எந்தப் பருவத்துல இருக்குங்கிறதைப் பொறுத்து அதுக்கு அர்த்தம் மாறும்.

இன்னொண்ணு, நிறைய பேர் இதை விட்டுடுவாங்க. ஒரு ரிசெப்டர் ஒரு தடவைதான், வெட்டுப்பட்டா அவ்வளவுதான், நடுவுல சிக்னலைப் பெருக்குற ஏற்பாடு எதுவும் கெடையாது. அதனால அளவு ரொம்ப முக்கியம். ரெண்டு காப்பில ஒண்ணு போனாலே பெண் ஈக்கு றெக்கை வெட்டுப்படுது. மனுஷங்கள்லயும் ஜாக்ட்1 (நாட்ச்ல ஒட்டுற ஒரு லிகாண்டோட ஜீன்) ஒரு காப்பி கெட்டாலே அலஜில் சிண்ட்ரோம் வருது, கல்லீரல்ல பித்தக்குழாய் கொறஞ்சு, இதயத்துலயும் கோளாறோட குழந்தை பொறக்கும்.

ரத்த_ஆய்வு_அக்கா:
ஈ_லேப் சொன்னதையே உங்க ரெண்டு நோய்க்கும் போட்டுப் பாருங்க தம்பி. எலும்பு மஜ்ஜைல இருந்து தைமஸுக்கு (நெஞ்சுல இருக்குற, டி-செல் முதிர்ற உறுப்பு) வர்ற இளம் செல்லை நீ டி-செல் ஆகுன்னு சொல்றது நாட்ச்1. எலில அதை எடுத்துட்டா தைமஸுக்குள்ள இன்னொரு வகை வெள்ளணுவான பி-செல் வளரும். அந்த இளம் வயசுல நாட்ச் ஆன்னா செல் வளரும், பெருகும், செல்லைப் பெருக வைக்கிற மிக் ஜீனையே நேரா தூண்டும். அப்புறம் அடங்கணும். மியூடேஷன் வந்தா லிகாண்ட் இல்லாமலே பூட்டு தொறந்துக்குது, இல்லன்னா வால் பக்கம் அறுந்துபோயி உள்துண்டு அழியாம ரொம்ப நேரம் நிக்குது. 2004ல பார்த்தப்ப டி-செல் ஏஎல்எல் (நீங்க சொன்ன அந்த லூகீமியாதான்) கேஸ்கள்ல பாதிக்கு மேல நாட்ச்1ல இந்த மாதிரி மியூடேஷன் இருந்துச்சு.

தோல்லயும் வாய்க்குள்ள இருக்குற மெல்லிய படலத்துலயும் கதை வேற. அடி அடுக்குல செல் பெருகும், மேல ஏறும்போது நாட்ச் "பெருகினது போதும், முதிர்ந்துடு"ங்குது. அந்தக் குரல் போனா அடி அடுக்கு செல் பெருகிட்டே கெடக்கும். 2011ல தலை கழுத்து கேன்சர்ல ரெண்டு குழு நாட்ச்1 இப்படிக் கெட்டுப்போயிருந்ததைக் கண்டாங்க. 2013ல நம்ம நாட்டுல ஈறு கன்னம் பகுதி வாய்ப்புற்றுநோயை சீக்வென்ஸ் பண்ணினப்பவும் மாறியிருந்த ஜீன்கள்ல நாட்ச்1 இருந்துச்சு.

செமினார்ல யாரும் மறக்கக் கூடாதுன்னா செமகாசெஸ்டாட்ங்கிற மருந்தோட கதையைச் சொல்லுங்க. அல்சைமருக்குன்னு காமா செக்ரிடேஸ் என்சைமைத் தடுத்தாங்க, அதே என்சைம்தான் நாட்ச்சோட கடைசி வெட்டையும் போடுது. 2010ல ட்ரையலை நிறுத்தினாங்க, மறதி கொறையல, மோசமாச்சு, மருந்து எடுத்தவங்களுக்கு தோல் கேன்சரும் கூடுச்சு. ரத்தத்துல எதை அடக்கணும்னு நெனைக்கிறோமோ அதை உடம்பு பூரா அடக்கினா தோல் காவலை இழக்குது, குடல்ல சளி சுரக்குற செல் பெருகி பேதியாகுது. அதே வகை மருந்தான நிரோகாசெஸ்டாட்டுக்கு 2023ல டெஸ்மாய்டு கட்டிக்குன்னு (வேற உறுப்புக்குப் பரவாம பக்கத்துத் திசுக்குள்ள ஊடுருவுற கட்டி) அமெரிக்கால அனுமதி கெடைச்சுது, அதுலயும் பேதி வரும்.

சித்தப்பா_மகள்:
நான் சயின்ஸ் படிச்சவ இல்ல, தேடி வந்தேன். எங்க சித்தப்பாவுக்கு நாட்ச்3னு ரிப்போர்ட்ல இருக்கு, கடாசில்ங்கிறாங்க, மூளையோட சின்ன ரத்தக்குழாயைக் கெடுக்குற பரம்பரை நோயாம். பல வருஷம் ஒத்தைத் தலைவலின்னு மாத்திரை குடுத்தாங்க, 47 வயசுல பக்கவாதம் வந்தப்புறம்தான் ஸ்கேன் பார்த்துட்டு ஜீன் டெஸ்ட் எழுதினாங்க. இதுல நாட்ச் கூடிப்போச்சா கொறைஞ்சுபோச்சா அக்கா?

ரத்த_ஆய்வு_அக்கா:
ரெண்டும் இல்ல ம்மா. நாட்ச்3 ரத்தக்குழாய் சுவத்துல இருக்குற தசை செல்லோடது. அதோட வெளிப்பக்கம் 34 சின்னச் சின்ன மடிப்பு, ஒவ்வொண்ணுலயும் 6 சிஸ்டின் (புரோட்டீன்ல இருக்குற ஒரு அமினோ அமிலம்), ரெண்டு ரெண்டா ஜோடி சேர்ந்திருக்கும். சித்தப்பாவுக்கு மாதிரி மியூடேஷன்ல அது 5 இல்லன்னா 7 ஆயிடும், ஒண்ணு ஜோடி இல்லாம நிக்கும், அதனால புரோட்டீன் சரியா மடங்காம சின்ன ரத்தக்குழாய்கள்ல படியுது. 1996ல பிரான்ஸ் குழு இந்த ஜீனைக் கண்டுபிடிச்சாங்க. இது பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புல போகும், அதனால டெஸ்ட் எடுக்கலாமா வேணாமான்னு ஜெனடிக் கவுன்சிலர்கிட்ட குடும்பமா உக்காந்து பேசுங்க. சித்தப்பா புகை பிடிச்சா கண்டிப்பா நிறுத்தச் சொல்லுங்க, பிரஷரும் கட்டுக்குள்ள இருக்கணும்.

நெல்லை_பயோடெக்:
அக்கா, ஈ_லேப் அண்ணா, ரொம்ப நன்றி. முதல் ஸ்லைடு றெக்கை, ரெண்டாவது தைமஸையும் தோலையும் பக்கத்துல பக்கத்துல வைக்கிறேன். வெட்டு ரெண்டுன்னு எழுதலாம்ல?

ஈ_லேப்:
லிகாண்ட் ஒட்டினப்புறம் ரெண்டு, சரிதான். ஆனா மனுஷ நாட்ச் செல் மேல வர்றதுக்கு முன்னாடியே கோல்ஜில (செல்லுக்குள்ள புரோட்டீனைத் தயார்பண்ணி அனுப்புற இடம்) ஃப்யூரின்ங்கிற என்சைம் ஒரு வெட்டு போட்டுடும், மொத்தம் மூணுன்னு கேப்பாங்க. அந்த மூணுல முதல் ரெண்டுல எது லிகாண்டுக்காக காத்திருக்கும்னு கேட்டா ஆடம்10ங்கிற என்சைம் போடுற வெட்டுன்னு சொல்லுங்க, பக்கத்து செல் லிகாண்டை உள்ள இழுக்குற இழுப்புலதான் அந்த இடம் வெளிய தெரியும்.