தறிச் சத்தத்துல பேசச் சொன்ன வாத்தியார்: பழகினவங்க எழுதுங்க

சென்னிமலைக்காரன்:

நம்ம நாடக வாத்தியார் இந்த வருசத்தோட வகுப்பை நிறுத்திக்கிட்டாருங்க. "பேரெல்லாம் போட்டு வைக்காதீங்க சாமி"ன்னுட்டார், அதனால போடலை. ஈரோட்டுச் சுத்துவட்டாரத்துல முப்பது வருசமா எளவட்டப் பசங்களுக்கு நாடகம் சொல்லிக் குடுத்த மனுசன்னா தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். நானே ஆரம்பிக்கறேன்.

எனக்கு அப்போ பதினாறு வயசு. பத்தாவதுல கணக்குல கோட்டை விட்டுட்டு மாமன் தறிக்குடோன்ல தார் (ஊடை நூல்) சுத்திக்கிட்டிருந்தேன். நடிக்கோணும்னு ஆசை. போனா வசனம் குடுப்பாருன்னு பார்த்தா, என்னைக் கூட்டிக்கிட்டு எங்க குடோனுக்கே வந்துட்டார். உள்ளே எட்டுத் தறி ஓடுது. பக்கத்துல நிக்கறவன் பேசறதே கேக்காது. வாசல்ல நிறுத்தி, "அந்தக் கடைசித் தறியில நிக்கறாரே, அவருக்கு 'சோறு வந்துருச்சு, வாங்க'ன்னு சொல்லு கண்ணு"ன்னார். கத்தினேன். அந்தாளு திரும்பிக்கூடப் பார்க்கலை. "கத்தாத. தொண்டையில இருந்து வர்றதைத் தறி தின்னுரும். அடிவயித்துல இருந்து எடு. ஒவ்வொரு எழுத்தையும் முழுசா முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போ." மூணு வாரம் இதே சோலி. மூணாவது வாரக் கடைசியில அந்தத் தறிக்காரர் திரும்பிப் பார்த்தார். பக்கத்துல வந்து, "எங்கடா சோறு?"ன்னு கேட்டார்.

மைக்கை நம்பாத கம்பெனி நாடகத்துல பத்து வயசுல சேர்ந்தவர் நம்ம வாத்தியார். கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரனுக்குக் கேக்கலைன்னா அன்னிக்கு அடி விழுமாம்.

பள்ளிபாளையத்து அம்முணி:

எங்கப்பா என்னை அனுப்ப மாட்டேன்னுட்டார். "பொட்டப்புள்ளைக்கு எதுக்குக் கூத்து?" வாத்தியார் ஒரு பொழுதோட எங்கூட்டுக்கே வந்தார். திண்ணையில உக்காந்து அரை மணி நேரம் மழை, மஞ்சள் வெலை, இதுதான் பேச்சு. கிளம்பறப்போ எந்திரிச்சு நின்னு சொன்னார்: "ஏனுங்க, சின்ன வயசுல நான் ஸ்திரீபார்ட்டுங்க. பொம்பள வேசம் கட்டிப் பத்து வருசம் அழுதிருக்கேன். இனி அவங்க அழுகையை அவங்களே அழுவட்டும்ங்க."

எங்கப்பா சிரிச்சுட்டார். ஆனா ரெண்டு நிபந்தனை: எட்டு மணிக்குள்ள ஊட்டுக்கு வந்துரோணும், தம்பி கூடப் போகோணும். தம்பியும் நடிகனாயிட்டான், அது வேற கதை. ஒத்திகை ஒரு மஞ்சள் குடோன்ல. பவானி ஜமுக்காளம் விரிச்சிருக்கும், அதுக்கு வெளியே கால் வெச்சா மேடையை விட்டு விழுந்துட்டதா அர்த்தம். வாயைத் திறந்தா மஞ்சத் தூசி. இருமலோட வசனம் பேசிப் பழகினது நாங்க ஒரு கூட்டம்தான்.

கரூரிலிருந்து ஒருத்தன்:

நான் மாணவன் இல்லை. ஒரே ஒரு தடவை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில பார்த்தேன். "சினிமாவுல நடிச்சீங்களாமே, எந்தப் படம்?"னு கேட்டேன். "ஈட்டி பிடிச்சு நின்ன படம்னா நெறைய. எந்த ஈட்டின்னுதான் ஞாபகமில்லை"ன்னார். டீக்குக் காசு அவரே குடுத்துட்டார்.

கோபித் தம்பி:

எல்லாரும் புகழறீங்க. நான் வேற மாதிரி எழுதறேன், கோவிச்சுக்காதீங்க. தறிப் பயிற்சியில எனக்குத் தொண்டை கட்டி ரெண்டு மாசம் பேச்சே வரலை. டாக்டர் அமைதியா இருக்கச் சொன்னார். வாத்தியார் நம்பவே இல்லை, "வயித்துல இருந்து எடுக்கலை, அதான்"னு முடிச்சுட்டார். கம்பெனியில பட்ட அடியை எங்க மேல எறக்கறாரோன்னு எனக்கு இன்னிக்கும் ஒரு சந்தேகம். பிரம்பு வெச்சிருந்தார், யாரும் எழுதலையே? ஒரு பைசா வாங்காம சொல்லிக் குடுத்தார், அதையும் எழுதிடறேன்.

சென்னிமலைக்காரன்:

பிரம்பு நெசம்தான் தம்பி. பின்னாடி விட்டுட்டார், ஆனா நீங்க இருந்தப்போ இருந்துச்சு.

நடிப்பை ஏன் விட்டீங்கன்னு நான் ஒரு தடவை கேட்டேன். அதுக்கு அந்தக் கால நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் கதையைத்தான் முதல்ல சொன்னார். எமன், இராவணன், சனீஸ்வரன்னு பயங்கர வேசமாக் கட்டினவர் சுவாமிகள். சனீஸ்வரன் வேசத்தோட விடியக்காலம் தண்ணித்துறைக்குப் போனப்போ, கர்ப்பமா இருந்த ஒரு பொண்ணு அவரைப் பார்த்த பயத்துலயே செத்துப் போச்சுன்னும், அதோட அவர் வேசம் கட்டறதை விட்டார்னும் நாடகக்காரங்க சொல்ற கதை. அதுக்கப்புறம் நாடகம் எழுதறதும் சொல்லிக் குடுக்கறதும்தான். 1918ல மதுரையில பசங்களை மட்டும் வெச்சே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஆரம்பிச்சார். பின்னாடி சொந்தமா நாடகக் கம்பெனி நடத்தின டி.கே.எஸ். சகோதரர்கள் அங்க வளர்ந்தவங்கதான். அந்தச் சகோதரர்கள்தான் 1944ல நம்ம ஈரோட்டுல நாடகக் கலை மாநாடு கூட்டினாங்க. இதையெல்லாம் சொல்லிட்டு, "எனக்கு அப்படிப் பெரிய கதையெல்லாம் இல்லீங். என்னைப் பார்த்து ஒருத்தரும் பயப்படலை, அதான் விட்டேன்"ன்னார்.

நெசக் காரணத்தை ரொம்ப வருசம் கழிச்சுச் சொன்னார். கோடம்பாக்கத்துல ஒரு படத்துல ரெண்டு வரி வசனம் கெடைச்சுதாம். படம் வந்தப்போ ஒறம்பரை சனத்தையெல்லாம் கூட்டிக்கிட்டுத் தியேட்டருக்குப் போயிருக்கார். திரையில வாய் இவருது, குரல் வேற எவனுதோ. "என்ற அம்மா மட்டும் கண்டுபிடிச்சுட்டா"ன்னார். அந்த வாரமே ஊருக்கு மூட்டை கட்டிட்டார்.

கோபித் தம்பி:

இது எனக்குத் தெரியாதுங்ண்ணா.

திருப்பூர் பனியன்:

நான் அவர்கிட்ட கடைசி செட். போன மாசம் பார்க்கப் போனேன். காது மந்தமாயிருச்சு. மெஷின் வாங்கிக் குடுத்திருக்காங்க, கழட்டி ஜன்னல் மேல வெச்சிருக்கார். வெளிய லாரி போய்க்கிட்டே இருக்கு. நான் சத்தம் போட்டு, "வாத்தியாரே, சாப்பிட வாங்க"ன்னேன். அசையலை. மறுபடி கத்தினேன். "கத்தாத"ன்னார், அதுவும் திரும்பாமலே. மூச்சை நிறுத்தி, எழுத்து எழுத்தா, "சோறு வந்துருச்சு, வாங்க"ன்னேன். கைத்தடியைத் தேட ஆரம்பிச்சுட்டார்.

பள்ளிபாளையத்து அம்முணி:

வர்ற ஞாயித்துக்கெழமை நானும் போறேன். தம்பி கார் எடுத்துக்கிட்டு வர்றான், பவானி வழியா வந்தா ரெண்டு பேருக்கு எடம் இருக்கு. கோபித் தம்பி, நீங்களும் வாங்க.