மழைக்குப் பிறகு முசுறுக் கூடுகள் குறைவது ஏன்?

வளவு_மாமரம்:
தெஹிவளை வளவில் மாமரம் ஒன்று, பக்கத்தில் ஜம்பு ஒன்று. ஏப்ரலில் முசுறுக் (இலைகளை நூலால் ஒட்டிக் கூடு கட்டும் எறும்பு) கூடு 12. தென்மேற்கு மழை தொடங்கி இரண்டு மாதத்தில் 4. அடிமரத்தில் மஞ்சளாக, கால் நீண்ட எறும்பு பரபரவென்று ஏறி இறங்குது. காரணம் மழையா, அந்த எறும்பா?

பச்சையிலை:
முதலில் சரியாக எண்ணுங்கள். இலை காய்ந்து பழுப்பான கூட்டை முசுறு எப்படியும் விட்டுப்போகும். பச்சை இலையும் புது வெள்ளை நூலும் உள்ளதே கணக்கு. காற்றில் கிழிந்தாலும், தன் குஞ்சுப் புழுவை வாயில் கவ்வி இலை ஓரங்களில் மாறி மாறித் தொட்டு நூல் இழுத்து ஒட்டிவிடும். கொழும்பில் குளிரால் சாகும் பேச்சே இல்லை. ஆனால் அடைமழையில் இரை தேடப் போவது குறையும். மற்ற எறும்பு ஏறுவது அப்போதுதான்.

சிற்றெறும்பு:
நீங்கள் சொல்வது மஞ்சள் கிறுக்கெறும்பு போல. கொட்டாது, ஃபோர்மிக் அமிலம் பீச்சும். ஒரே கூட்டில் பல ராணிகள். பூச்சாடிக்கு அடி, ஈரச் சருகு எங்கும் குடியேறும். முசுறுக்கு பெரும்பாலும் ஒரே ராணி. அது போனால் வேலைக்காரிகளின் முட்டையில் ஆண்கள்தான் வரும், கூட்டம் மெல்ல அழியும்.

அடிமரத்தில் 50 செ.மீ. உயரத்தில் 10 செ.மீ. அகலப் பொலித்தீன் சுற்றி, அதன்மேல் கிறீஸ் பூசுங்கள். பட்டையில் நேரே பூசினால் மரம் கெடும். மதில், வயர், புல் எதுவும் மரத்தைத் தொடக்கூடாது. ஒரு கிளை தொட்டாலே போதும், வேலை வீண். பிறகு நிலத்தில் தூண்டில்: 1 லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் 250 கிராம் சீனி, 10 கிராம் போரிக் அமிலம். அமிலம் அதைவிடக் கூடப் போட்டால் எறும்பு கூட்டுக்குக் கொண்டுபோகுமுன் வழியிலேயே சாகும், ராணிக்குப் போய்ச் சேராது. மழை படாத மூடியில், பிள்ளைகளுக்கும் பூனைக்கும் எட்டாமல் வைத்து, கிழமைக்கொருமுறை மாற்றுங்கள்.

வளவு_மாமரம்:
அதை முசுறும் குடிக்காதா?

சிற்றெறும்பு:
குடிக்கும். அதனால்தான் கிறீஸ் வளையம் முதலில், தூண்டில் பிறகு. இறங்க முடியாத முசுறுக்கு மரத்திலேயே வெறும் சீனித்தண்ணீரும் பச்சை மீன் துண்டும் கட்டுங்கள்.

பச்சையிலை:
ஜம்புவிலும் முசுறு இருந்தால் நைலோன் கயிறு கட்டி இணைக்கலாம், ஒரே கூட்டமாக இருந்தால் மட்டும். அங்கிருந்து நாலைந்தை இங்கே விட்டுப் பாருங்கள். மீசையால் தடவிவிட்டுப் போனால் சொந்தம். காலைப் பிடித்து நாலா பக்கமும் இழுத்தால் வேறு கூட்டம். கயிறு வேண்டாம், உரசும் கிளையையும் வெட்டுங்கள்.